விஷயம் ஏன் கடைசி வரியில் வருகிறது? சீன எழுத்தும் ஆங்கில எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சீன சக ஊழியர்கள் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைகளையும் கடிதங்களையும் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. அலுவலகத்தில் இருக்கும் தமிழ் நண்பர்களும், சீனாவோடு வியாபாரம் செய்யும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பாதி படித்துத் தெரிந்துகொண்டது. மீதி அந்த வரைவுகளோடு உட்கார்ந்து கற்றது.

சீன நண்பர் அனுப்பும் மின்னஞ்சலில் முக்கியமான விஷயம் ஏன் கடைசியில் இருக்கிறது?

என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

“போன மாதம் உங்கள் குழு எங்களுக்கு நிறைய உதவியது. அடுத்த வாரம் சீனப் புத்தாண்டு விடுமுறை. தொழிற்சாலை பத்து நாள் மூடியிருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வர இன்னும் சில நாள் பிடிக்கும். மூலப்பொருளான தாளும் தாமதமாகத்தான் வரும் என்கிறார்கள். ஆகவே, ஒப்படைக்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

ஆங்கிலக் கடிதங்களிலேயே பழகியவர் முதல் இரண்டு வரியைப் படித்ததும் ‘சரி, இவருக்கு என்னதான் வேண்டும்?’ என்று பொறுமை இழந்துவிடுவார். அவர் எதிர்பார்ப்பது ‘தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டுகிறோம், காரணங்கள் கீழே’ என்ற தொடக்கம். எழுதியவருக்கோ அப்படித் தொடங்குவது கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைவது போல. காரணத்தை முதலில் வைத்தால், கோரிக்கை வரும்போது படிப்பவர் அதற்குத் தயாராக இருப்பார், மறுக்க நேர்ந்தாலும் சங்கடப்படமாட்டார் என்பது அவருடைய கணக்கு.

இது ஒருவருடைய தனிப் பழக்கம் கிடையாது. ஆஸ்திரேலிய வானொலியின் மாண்டரின் பிரிவுக்குச் சீன நேயர்கள் எழுதிய கோரிக்கைக் கடிதங்களை ஆன்டி கிர்க்பாட்ரிக் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். வணக்கம், நலம் விசாரிப்பு, நிகழ்ச்சிகளைப் பற்றிப் பாராட்டு, தன்னைப் பற்றிச் சில வார்த்தைகள், காரணம், அதற்குப் பிறகு கோரிக்கை என்ற வரிசையே அவற்றில் பெரும்பாலும் இருந்தது. சீன வணிகர்கள் ஆங்கிலத்தில் பேசும் கூட்டங்களைக் கவனித்த லிண்டா யங்கும் 1982இல் இதையே சொன்னார். ‘ஏனென்றால்... ஆகவே...’ என்ற அவர்களுடைய தாய்மொழி வரிசை ஆங்கிலப் பேச்சிலும் அப்படியே வந்துவிடுகிறது. ஆங்கிலம் கேட்பவருக்கோ அது எதையோ மறைப்பது போலப் படுகிறது.

தமிழருக்கு இது புரிவது சுலபம். ‘மழை பெய்ததால் பஸ் வரவில்லை, அதனால் லேட்டாகிவிட்டது’ என்று நாமும் காரணத்தை முன்னால் வைத்துத்தான் பேசுகிறோம்.

சீனர்கள் வட்டமாக யோசிப்பார்கள், ஆங்கிலேயர்கள் நேர்கோட்டில் யோசிப்பார்கள் என்று ஒரு படம் பார்த்திருக்கிறேன். உண்மையா?

அந்தப் படம் 1966இல் வந்தது. அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கேப்லன், வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சுமார் 600 கட்டுரைகளைப் பார்த்துவிட்டு ஐந்து சின்னக் கோட்டோவியங்கள் வரைந்தார். ஆங்கிலத்துக்கு நேராகக் கீழிறங்கும் அம்பு. ‘கீழை’ மொழிகளுக்கு உள்நோக்கிச் சுழலும் சுருள். மற்றவற்றுக்கு வளைந்தும் மடங்கியும் போகும் கோடுகள். ஒரே பக்கத்தில் உலகம் முழுவதையும் காட்டும் படம் என்பதால், ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இன்றுவரை சுற்றி வருகிறது.

அந்த மாணவர்கள் எழுதியது இரண்டாம் மொழியில். அதை வைத்து அவர்கள் தாய்மொழியில் எப்படி வாதிடுவார்கள் என்று சொல்ல முடியாது; எப்படி யோசிப்பார்கள் என்று சொல்லவே முடியாது. ஆங்கிலத்தின் நேர்கோடும் பாடப்புத்தகம் ஆசைப்படும் கோடு. ஆங்கிலச் செய்தித்தாளின் கட்டுரைப் பக்கத்தைப் புரட்டினால் எத்தனையோ வளைவுகள் கிடைக்கும். கேப்லனும் பிற்காலத்தில் தன் கருத்தைக் கணிசமாகத் தளர்த்திக்கொண்டார்.

1985இல் மோகன், லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹாங்காங் மாணவர்களைப் பற்றி எழுதியது எனக்கு இதைவிட நியாயமாகப் படுகிறது. பிரச்சினை சீன மனத்தில் இல்லை, பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்றார்கள். ஆங்கில வகுப்பில் வாக்கிய இலக்கணத்தையே திருத்திக்கொண்டிருந்தால், கட்டுரையை எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகளுக்கு எங்கிருந்து தெரியும்?

எழுத்துப் பழக்கம் கற்றுக்கொள்வது. ஒரு சமூகம் யாரிடம், எந்த இடத்தில் நின்று வாதிட்டது என்பதைப் பொறுத்து அது உருவாகிறது. இதை ‘சீன மூளை’, ‘ஆங்கில மூளை’ என்று பேசினால் நம் பக்கத்து மேசைக்காரருக்கு அநியாயம் செய்கிறோம்.

பழைய சீனத்தில் யாருமே நேரடியாக வாதிட்டதில்லையா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் லீ ஸுவின் மனுவைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

கி.மு. 237. சீனா அப்போது பல நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் ஒன்றான ச்சின் நாட்டு அரசர் (பிற்பாடு சீனாவின் முதல் பேரரசர் ஆனவர்), வெளிநாட்டிலிருந்து வந்து பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஆணையிடுகிறார். லீ ஸு சூ நாட்டுக்காரர். அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவர் அரசருக்கு ஒரு மனு எழுதுகிறார். அதன் முதல் வாக்கியத்தின் சாரம்: ‘வந்தேறிகளை வெளியேற்ற அதிகாரிகள் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு என்பது அடியேனின் எண்ணம்.’

கருத்து முதல் வரியிலேயே வந்துவிட்டது. அப்புறம் ஆதாரங்கள். ச்சின் நாட்டின் முந்தைய நான்கு அரசர்கள் வெளிநாட்டு அறிஞர்களை வைத்து என்னென்ன சாதித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிறகு அரசரின் அரண்மனைக்குள்ளேயே நுழைகிறார். தாங்கள் அணியும் மணிகள், ஏறும் குதிரைகள், கேட்கும் இசை, இதெல்லாம் ச்சின் நாட்டில் பிறந்தவையா? பொருள் என்றால் வெளியூர்ச் சரக்கு வேண்டும், ஆள் என்றால் வேண்டாமா? கடைசியில், தைஷான் மலை எந்த மண்ணையும் வேண்டாம் என்று தள்ளுவதில்லை, அதனால்தான் அது அவ்வளவு பெரிதானது என்ற உவமை. அரசர் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

இன்றைய ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் கொடுத்தாலும் இந்த மனு நல்ல மதிப்பெண் வாங்கும். நேராகப் போய் விஷயத்தைத் தொடுவதற்குச் சீனத்திலேயே ஒரு நான்கெழுத்துத் தொடர் உண்டு: ‘கை மென் ஜியன் ஷான்’. கதவைத் திறந்தால் எதிரே மலை. நன்றாக எழுதுகிறவரைப் பாராட்டும் சொல் அது.

அப்படியானால் சுற்றி வந்து சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் சொல்வன்மையை வளர்த்தது மக்கள் மன்றமும் நீதிமன்றமும். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், வாக்களித்தார்கள், எதிராளியும் எழுந்து பதில் சொன்னான். அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய சொற்கலை நூல் இந்தக் களத்துக்கானது. வாதத்தை வெளிப்படையாக வைத்து எதிர்வாதத்தை உடைப்பதுதான் அங்கே வேலை. பின்னால் வந்த ஐரோப்பியப் பள்ளிகள் அதைச் சுவீகரித்துக்கொண்டன.

சீனத்தில், லீ ஸு வாழ்ந்த அந்தப் ‘போரிடும் நாடுகளின் காலத்தில்’ வாதிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஒருவர் முன்னால் நின்றார்கள். அவர் அரசர். கோபம் வந்தால் தலை போகும். லீ ஸுவோடு ஒரே ஆசிரியரிடம் படித்த ஹான் ஃபெய், அரசரை இணங்க வைப்பது ஏன் கடினம் என்று ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். நமக்கு அறிவு இருக்கிறதா, பேச்சு வருமா என்பது அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. கேட்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து அதற்கு ஏற்றபடி பேசுவதுதான் கஷ்டம் என்கிறார். டிராகனைப் பழக்கி அதன்மேல் ஏறிச் சவாரி செய்யலாம், ஆனால் அதன் தொண்டைக்குக் கீழே தலைகீழாக முளைத்த செதில்கள் இருக்கின்றன, அவற்றைத் தொட்டவன் செத்தான் என்று முடிக்கிறார். இவ்வளவு தெரிந்தவர் கி.மு. 233இல் ச்சின் நாட்டுச் சிறையில் இறந்தார். விஷம் அனுப்பியது லீ ஸு என்று வரலாற்றாசிரியர் ஸீமா ச்சியன் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை அந்த முடிவோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் கதை நல்ல கவசம். சூ நாட்டுத் தளபதி ஜாவ் யாங் ஒரு போரில் எட்டு நகரங்களைப் பிடித்துவிட்டு, அடுத்து ச்சி நாட்டின் மேல் பாயப் போகிறார். ச்சி நாட்டுக்காகப் பேச வந்த சென் ஜென், ‘போர் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. முதலில் வாழ்த்துகிறார். இந்த வெற்றிக்கு என்ன பதவி கிடைக்கும், அதற்கு மேல் என்ன உண்டு என்று விசாரிக்கிறார். அப்புறம் ஒரு கதை. ஒரு கிண்ணம் மதுதான் இருக்கிறது, பலருக்குப் போதாது. தரையில் முதலில் பாம்பு வரைபவனுக்கே அது என்று முடிவாகிறது. முதலில் முடித்தவன் இடது கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கு நேரம் இருக்கிறது, கால்கூட வரைவேன்’ என்கிறான். அதற்குள் இன்னொருவன் முடித்து, ‘பாம்புக்கு ஏது கால்?’ என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிடுகிறான்.

இருக்கிற உயர்ந்த பதவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, இனிமேல் போரிடுவது பாம்புக்குக் கால் வரைவதுதான் என்கிறார் சென் ஜென். தளபதி படையைத் திருப்பிக்கொண்டு போனார். இது சுற்றி வளைத்தல் என்றால், என்ன துல்லியமான சுற்று! ‘பாம்பு வரைந்து கால் சேர்ப்பது’ இன்றும் சீனர்கள் அன்றாடம் சொல்லும் தொடர்.

‘எட்டுக்கால் கட்டுரை’ என்றால் என்ன?

மிங், ச்சிங் அரச வம்சக் காலத்தில் அரசுப் பணித் தேர்வுக்கு எழுதவேண்டியிருந்த ‘பாகு’ கட்டுரை. கன்ஃபூசிய மரபின் நான்கு நூல்களிலிருந்து ஒரு வரியைத் தலைப்பாகக் கொடுப்பார்கள். அதை ஞானிகளின் குரலில், இணை இணையாக நடக்கும் வாக்கியங்களில் விரிக்க வேண்டும். அந்த இணைகளைத்தான் ‘கால்கள்’ என்றார்கள். அரசுத் தேர்வு முறையே 1905இல் ஒழிக்கப்பட்டது.

சீன மாணவர்கள் சுற்றி எழுதுவதற்கு இந்தக் கட்டுரையே காரணம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாகு கட்டுரையின் முதல் பகுதிக்குப் பெயர் ‘தலைப்பை உடைத்தல்’. இரண்டே வாக்கியத்தில் தலைப்பின் சாரத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘மக்களிடம் போதிய செல்வம் இருந்தால் அரசனுக்கு எப்படிக் குறையும்?’ என்ற வரிக்கு, மிங் காலத்து வாங் ஆவ் எழுதியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற கட்டுரை இப்படித் தொடங்குகிறது: ‘கீழே மக்கள் செழித்தால், மேலே அரசன் தானே செழிப்பான்.’ இதைவிட நேரான தொடக்கம் எந்த மொழியில் இருக்கிறது? இந்தக் கட்டுரையின் குறை வேறு இடத்தில் இருந்தது. தேர்வு எழுதியவன் தன் சொந்தக் கருத்தைச் சொல்ல அதில் வழியே இல்லை.

ச்சி, செங், ஜுவான், ஹெ என்ற நான்கு படிகள் என்றால் என்ன?

தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், இணைப்பு. கவிதைக்காகச் சொல்லப்பட்டு உரைநடைக்கும் வந்த அமைப்பு. ஜப்பானிலும் கொரியாவிலும் இதே நான்கு படிகள் உண்டு. ஆங்கிலம் படித்தவரைக் குழப்புவது மூன்றாவது படிதான். நகரத்துப் பூங்காக்களைப் பற்றி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கட்டுரை திடீரென்று பாட்டியின் பூந்தொட்டிக்குத் தாவும். திருத்துபவர் ‘சம்பந்தமில்லை’ என்று சிவப்புக் கோடு போடுவார். கடைசிப் பத்தியில் தொட்டியும் பூங்காவும் சேரும். ஆனால் அதற்குள் மதிப்பெண் குறைந்திருக்கும்.

ஆங்கிலம் எப்போதுமே ‘நேராக’ இருந்ததா?

இல்லை. 1660இல் தொடங்கிய ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தின் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், அலங்காரப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் கணிதம் போன்ற எளிமையோடு எழுதவேண்டும் என்று போராடியிருக்கிறார். அந்தப் போராட்டம் தேவைப்பட்டது என்றாலே, அன்றைய ஆங்கிலம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. ஒவ்வொரு பத்தியும் தன் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும் என்ற பாடத்தை விதியாக வகுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெய்ன், 1866இல். இன்று ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நாற்பது நிமிடத்தில் 250 சொல் எழுதும் பிள்ளைக்கு ‘முதல் பத்தியில் உன் நிலைப்பாட்டைச் சொல்’ என்று பயிற்சி கொடுக்கிறார்கள். ஆங்கில மொழியின் இயல்பாகவே நாம் நினைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

சீனர்கள் ஏன் இவ்வளவு பழமொழிகளையும் மேற்கோள்களையும் சேர்க்கிறார்கள்?

செங்யு என்ற நான்கெழுத்துத் தொடர்கள் சீனருக்கு அலங்காரத்துக்கு மேலே. பாம்புக் கதையில் பார்த்தது போல, பலவற்றுக்குள் ஒரு கதையும் ஒரு தீர்ப்பும் இருக்கின்றன. அதைச் சொன்னால் ‘இது முன்பே சோதித்துப் பார்த்த உண்மை’ என்று படிப்பவருக்குப் புரியும். நாம் ஒரு குறளைச் சொல்லி வாதத்தை நிறுத்துவோமே, அந்த மாதிரி. ஆங்கிலக் கட்டுரை ஆசிரியருக்கோ பலர் சொன்ன சொல் தேய்ந்த சொல். ஒரே வரியை ஒருவர் ஆதாரம் என்று எழுதுகிறார், மற்றவர் சோம்பல் என்று அடிக்கிறார்.

இந்தச் சண்டை சீனத்துக்குள்ளேயும் நடந்தது. அமெரிக்காவில் படித்த ஹூ ஷி 1917இல் ‘புதிய இளைஞர்’ இதழில் எட்டு யோசனைகள் வைத்தார். பழங்கதைக் குறிப்புகளை விடு, தேய்ந்த தொடர்களை ஒழி, பேச்சுமொழிச் சொல்லுக்கு அஞ்சாதே என்பவை அவற்றில் சில. 1942இல் கம்யூனிஸ்டுத் தலைவர் மாவோ, கட்சியின் தளமான யெனானில், தன் கட்சிக்காரர்கள் எழுதும் வெற்று நடையை ‘கட்சியின் எட்டுக்கால் கட்டுரை’ என்று பெயர் சொல்லியே கண்டித்தார். எளிமையாக எழுது என்று மேற்கத்தியர் வந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றில்லை. ‘சொல் பொருளைக் கொண்டு சேர்த்தால் போதும்’ என்பது கன்ஃபூசியஸ் வாக்கு.

பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டினால் திருட்டு இல்லையா?

பழைய சீன எழுத்தில், படிப்பவருக்கு மூலம் தெரியும் என்று நம்பி எழுதுவது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. அதை வைத்து, வேறொருவருடைய ஆய்வறிக்கையை அப்படியே எடுத்துப் போடுவதைக் கலாசாரம் என்று சொல்லிவிட முடியாது. இன்றைய சீனப் பல்கலைக்கழகங்களும் அதைத் தவறாகத்தான் பார்க்கின்றன.

‘நான்’ என்று எழுத ஏன் தயங்குகிறார்கள்?

அமெரிக்காவில் ஆங்கிலம் படித்த ஃபான் ஷென் 1989இல் இதைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை எழுதினார். அவர் வளர்ந்த சீனாவில் ‘நான்’ சுயநலத்தின் வாடை அடிக்கும் சொல், ‘நாம்’தான் மரியாதை. அமெரிக்க ஆசிரியர்களோ ‘நீயாக இரு, உன் குரலில் எழுது’ என்றார்கள். அவருக்குக் கிடைத்த விடை, ஆங்கிலத்தில் ‘நானாக’ இருப்பதற்கு, தன் சீன ‘நானை’ ஒதுக்கிவைத்துவிட்டு வேறு ஓர் ஆளை உருவாக்க வேண்டியிருக்கிறது என்பது. அதைப் படித்த பிறகு, ‘உங்கள் கருத்து எங்கே?’ என்று வரைவின் ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதில் நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று வாயால் கேட்கிறேன். பதில் தெளிவாகவே வருகிறது. அதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

இன்றைய சீன இளைஞர்களும் இப்படித்தான் எழுதுகிறார்களா?

நிறைய மாறிவிட்டது. காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் சீன மொழித் தாளுக்கு 150 மதிப்பெண். அதில் 60 கட்டுரைக்கு, குறைந்தது 800 எழுத்து எழுத வேண்டும். இப்போதைய பயிற்சிப் புத்தகங்கள் மையக் கருத்தைத் தொடக்கத்தில் வை, பத்திக்கு ஒரு கிளைக்கருத்து வை என்றுதான் சொல்கின்றன. ஆனால் அதே மாணவர் தன் மேலதிகாரிக்கு விடுப்புக் கேட்டு எழுதினால், காரணம் முன்னால் வந்துவிடும். கட்டுரையைவிடக் கடிதத்தில் பழக்கம் அதிக நாள் தங்குகிறது.

சீன நண்பரின் ஆங்கில வரைவைத் திருத்தும்போது என்ன செய்யலாம்?

முதலில் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கே முழுசாக இருக்கும். புதிதாக எழுத வேண்டியதில்லை, அதை எடுத்து மேலே வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ‘இருந்தபோதிலும்’, ‘ஆனால்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். சீனத்தில் இரண்டும் ஜோடியாக வரும், அதனால் வந்தது. தர்க்கம் போதாதோ என்று சந்தேகப்படாதீர்கள்.

நலம் விசாரிக்கும் வரியை மட்டும் அழிக்க வேண்டாம். ஒரு தடவை அவசரத்தில் அப்படி ஒரு வரியை வெட்டிவிட்டேன். எழுதிய பெண்மணி என்னிடம் வந்து, ‘கடிதம் பெறுபவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதைக் கேட்காமல் எப்படி விலை பேசுவது?’ என்றார். வரியைத் திரும்பச் சேர்த்தோம், முதல் வரியாகவே. விலை இரண்டாவது வரியில் போயிற்று.

நான் சீனருக்கு எழுதினால்?

உங்கள் தமிழ்ப் பழக்கத்தையே நம்பலாம். யார் என்று சொல்லி, இதுவரை நடந்ததை இரண்டு வரியில் நினைவூட்டி, காரணத்தைச் சொல்லி, அப்புறம் கேளுங்கள். முகவரி எழுதும்போதும் அங்கே பெரியதிலிருந்து சிறியதுக்குப் போவார்கள்: நாடு, மாகாணம், நகரம், தெரு, கதவு எண், கடைசியில் ஆள் பெயர். பதிலில் ‘யோசித்துப் பார்க்கிறோம்’ என்று வந்தால் அது மறுப்பாகவும் இருக்கலாம். ஒரு வாரம் விட்டு, வேறு ஏதாவது சாக்கில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.